மருந்துக்குத் தோஷமில்லை

என் அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிட்டது வருஷத்தில் சில வாரங்கள்தான். மற்ற நாட்களில் அவர் சாமி. மாலை போட்டவரைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. மற்ற வீடுகளில் அது கார்த்திகையில் தொடங்கித் தை பிறந்ததும் முடிந்துவிடும். கடலூர் செம்மண்டலத்தில் என் அக்கா வீட்டில் அது முடியாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது.

காரணம் எளியது. மாமா குடிப்பார். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் குடியால் அந்த வேலையை இழந்தார். அரசாங்கமே மதுக்கடைகளை எடுத்து நடத்தத் தொடங்கியிருந்த நேரம் அது. போதாததற்கு, செம்மண்டலத்திலிருந்து வடக்கே பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி எல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் குடிப்பதற்கு இரண்டு அரசாங்கங்கள் உதவி செய்தன. ஒன்று கடையைச் சாத்தும் நாளில் இன்னொன்று திறந்து வைத்திருக்கும்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் கார்த்திகையில், அதே தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவர் மாமாவுக்கு மாலை போட்டுவிட்டார். பல வருஷம் மலைக்குப் போனவர், தெருவுக்கே குருசாமி. அவர் கையால் மாலை விழுந்த நாளிலிருந்து கழற்றிய நாள் வரை மாமா ஒரு சொட்டு தொடவில்லை. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் மாவட்டத்தின் பெரிய குடிகாரர்களில் பலர் அந்த மண்டலம் முழுவதும் தொடமாட்டார்கள். ஆனால் மாலையைக் கழற்றிய அன்று மாலையே மாமா எல்லையைத் தாண்டிப் போய்விட்டு வந்தார். அதிலும் அதிசயம் இல்லை.

அக்கா கணக்கு டீச்சர். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை. நடந்ததை அவள் கணக்காகவே பார்த்தாள்.

"மால இருந்தா குடிக்கல. கழட்டுனா குடிக்கிறாரு. அப்ப எதுக்குடா கழட்டணும்?"

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் அப்போது சிதம்பரத்தில் ஒரு நாளிதழின் நிருபர். கேள்வி கேட்பதுதான் என் வேலை.

அதன் பிறகு அக்கா தினசரிக் காலண்டரைப் படித்த விதத்தை நான் வேறு எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. ஐயப்பன் மாலை இறங்கியதும் தைப்பூசத்துக்கு முருகன் மாலை ஏறியது. கருப்பு வேட்டி போய்ப் பச்சை வேட்டி வந்தது. அது முடிந்தால் பங்குனி உத்திரம். சித்திரை, வைகாசியில் தீமிதிக்குக் காப்புக் கட்டு, மஞ்சள் வேட்டி. ஆடியில் அம்மன், சிவப்பு. புரட்டாசியில் பெருமாள், ஐப்பசியில் சஷ்டி, பிறகு மறுபடி கார்த்திகை. ஆனி மாதம் மட்டும் தொந்தரவு கொடுத்தது. சிதம்பரத்தில் அப்போது திருமஞ்சனம் நடக்கும், ஊரே கூடும், ஆனால் அதற்கு மாலை போடும் வழக்கம் இல்லை. அக்கா நடராஜர்மேல் கொஞ்ச நாள் மனக்குறையோடு இருந்தாள். பிறகு, ஆடித் திருவிழாவுக்கு ஆனியிலேயே சிவப்பு வேட்டி கட்டினால் எந்த அம்மன் வேண்டாம் என்று சொல்லும் என்று முடிவு செய்தாள்.

தெருவில் மாமாவின் வேட்டியைப் பார்த்து மாதம் சொன்னார்கள். "பச்சைக்கு வந்துட்டாரு சாமி, தை பொறந்துடுச்சி" என்று பால்காரர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். மாமாவுக்கு இதில் கூச்சம் இல்லை. ஒருமுறை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மச்சான், ஒங்க அக்கா என்னைய சாமியாக்காம வுடமாட்டா. நான் செத்தாக்கூட பாடைக்குப் பதிலா தேர்தான் வரும் போல."

வேலையும் கிடைத்தது. கடலூர்–சிதம்பரம் தடத்தில் ஓடும் தனியார் பேருந்து ஒன்றின் முதலாளி, மாலை போட்ட ஓட்டுநர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வேலை கொடுப்பார். அகலப்பாதை போடுவதற்காக ரயிலை நிறுத்தியிருந்த வருஷங்கள் அவை. பேருந்துகளில் நிற்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தை வெறுங்காலோடு, சந்தனப் பொட்டோடு, மாமா ஏற்றிக்கொண்டு போவார். வயதான பெண்கள் இறங்கும்போது அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்குவார்கள். அக்காவும் அதே பேருந்தில்தான் பள்ளிக்குப் போவாள். முன்பக்கம், ஓட்டுநரின் தலைக்கு மேல் மாட்டியிருந்த பெரிய கண்ணாடியில் அவர் முகம் தெரியும் இருக்கையில் உட்காருவாள். அந்த முகத்தில் குடி இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டே போவதுதான் அவளுடைய காலைப் பொழுது.

மார்கழிக் காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்ததில் அவருக்கு இருமல் பிடித்தது. அக்காதான் சிரப் வாங்கிக் கொடுத்தாள். காலையும் இரவும் ஒரு மூடி. இருமல் ஒரு வாரத்தில் போய்விட்டது. சிரப் போகவில்லை.

இதை யாரும் கவனிக்காததற்குக் காரணம், சிரப் செய்த மாற்றங்கள் எல்லாம் நல்ல மாற்றங்களாகத் தெரிந்ததுதான். மாமாவின் கோபம் போனது. குரல் தணிந்தது. கண்கள் எப்போதும் பாதி மூடியிருந்தன; தெருவில் அதைத் தியானம் என்றார்கள். டீயில் சர்க்கரை ஜாஸ்தி போடச் சொன்னார், சாப்பாடு குறைந்தது, அதைப் பக்குவம் என்றார்கள். "ஆளே மாறிட்டாரு பாரு" என்று குருசாமி மற்றவர்களிடம் அவரைக் காட்டினார்.

மருந்துக் கடைகளிலும் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. அந்தச் சிரப்பில் கோடீன் இருந்தது. அது அபின் குடும்பம். மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. காதில் வளையம் போட்ட பையன் வந்து கேட்டிருந்தால் கடைக்காரர் சீட்டைக் கேட்டிருப்பார். மாலை போட்டவர் வந்து இருமினால், "சாமிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு எடுத்துக் கொடுத்தார்கள். கருப்பு வேட்டியே சீட்டாக இருந்தது. ஒரு கடையில் இரண்டாவது பாட்டிலுக்கு யோசித்தால் அடுத்த கடை இருந்தது. தடத்தின் இரண்டு முனைகளிலும் கடைகளுக்குக் குறைவில்லை.

எங்கள் பத்திரிகையிலும் அந்தப் பொருளுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. கள்ளச்சாராயம் என்றால் மூன்றாம் பக்கம், தலைக்குத் துண்டு போட்டு நிற்கும் ஆட்களின் படத்தோடு. கஞ்சா என்றாலும் அதே பக்கம்தான், பொட்டலங்களை மேஜைமேல் அடுக்கி வைத்த படம். சிரப், வலி மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் வார இணைப்பில் மருத்துவப் பகுதிக்கு உரியவை. சிதம்பரம் பேருந்து நிலையத்தின் பின்சுவருக்கு அருகே காலி சிரப் பாட்டில்கள் குவிந்து கிடக்கும். அந்த ஊரில் இவ்வளவு பேருக்கு இருமலா என்று யாரும் எழுதவில்லை.

ஒரு ஜூன் மாதம், சிதம்பரத்தில் போதை ஒழிப்பு விழிப்புணர்வு ஊர்வலம் நடந்தது. அதிகாரி ஒருவர் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். மாணவ மாணவியர் பதாகை ஏந்தி வந்தார்கள். பேருந்து நிலையத்துக்கு முன்னால் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். நான் ஓரத்தில் நின்று, முழக்கங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தப்பட்ட வண்டிகளில் முதலாவது மாமாவுடையது. உள்ளே பயணிகள் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாமி, ஆரன் அடிங்க சாமி. இவனுங்க போதைய ஒழிச்சிட்டுப் போறதுக்குள்ள எனக்கு அடுத்த பஸ்ஸு போயிடும்" என்றார் ஒருவர்.

மாமா ஹாரன் அடிக்கவில்லை. இருக்கைக்குக் கீழிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். மூடியில் ஊற்றவில்லை, பாட்டிலை அப்படியே வாயில் சாய்த்தார். பாதி போனது. அப்போது பதாகையோடு வந்த ஒரு மாணவி எட்டி, ஜன்னல் வழியாக ஒரு துண்டறிக்கையைக் கொடுத்தாள். "அண்ணா, படிச்சிப் பாருங்கண்ணா." மாமா சிரித்து, வாங்கி, நாலாக மடித்து, முழங்கையில் வழிந்திருந்த சிரப்பை அதனால் துடைத்தார். பிறகு வழி விட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் செம்மண்டலம் போய் அக்காவிடம் பார்த்ததைச் சொன்னேன். பாட்டிலின் பெயரைச் சொன்னேன், அதில் என்ன இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அது மருந்துடா."

"பாட்டிலோட குடிக்கிறது மருந்து இல்லக்கா."

"ஒனக்குப் பேப்பர்ல போட ஒண்ணும் கெடைக்கலியா? நாலு வருஷமா ஒரு சொட்டு தொடாம இருக்காரு. அத எழுதேன்."

ஆனாலும் கேட்டாள், என்னிடம் இல்லை, குருசாமியிடம். மாலை போட்டவர் இருமல் மருந்து குடிக்கலாமா என்று. குருசாமி நியாயமான மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்:

"மருந்துக்கு தோஷம் கெடையாதும்மா. சக்கர வியாதிக்காரங்க மாத்தர போட்டுகினே மல ஏறுறாங்களே."

அவள் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான்.

விபத்து அதே வருஷம் கார்த்திகையில் நடந்தது. காலை நேரம், ஆலப்பாக்கம் தாண்டி நேர்ச் சாலை. பேருந்து மெதுவாக இடதுபுறம் சாய்ந்து, சாலையை விட்டு இறங்கி, ஒரு சவுக்குத் தோப்புக்கு முன்னால் இருந்த நெல் வயலில் போய் நின்றது. மழை பெய்து ஊறிய சேறு. சக்கரம் பாதி புதைந்தது. தோப்பு வரை போயிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும். யாருக்கும் பெரிய அடி இல்லை. ஒரு பெண்ணின் கூடையிலிருந்த முட்டைகள் உடைந்தன.

அடுத்து நடந்தவற்றை நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது பலரும் சொன்னார்கள். போலீஸ்காரர் மாமாவை ஊதச் சொன்னார். ஊதினார். "சந்தனமும் துளசியும்தான் மணக்குது" என்று போலீஸ்காரர் சுற்றி நின்றவர்களிடம் சொன்னார். பயணிகள் மாமாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மாலை போட்டவர் ஓட்டியதால்தான் உயிர் பிழைத்தோம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. குறுக்கே ஒரு மாடு வந்ததாகவும் அதன்மேல் மோதாமல் இருக்கத்தான் வண்டியை ஒடித்ததாகவும் பேச்சு எப்படியோ உருவாகியிருந்தது. அந்த மாட்டை யார் பார்த்தார்கள் என்று விசாரித்தேன். பார்த்தவர் கிடைக்கவில்லை. ஆனால் அது செவலை என்று சிலரும் வெள்ளை என்று சிலரும் சொன்னார்கள்.

மறுநாள் எங்கள் பத்திரிகையிலேயே செய்தி வந்தது. கடலூர் நிருபர் அனுப்பியது. 'ஓட்டுநரின் சாமர்த்தியத்தால் பெரும் விபத்து தவிர்க்கப்பட்டது.' எங்களிடம் இருக்கும் வாக்கியம் அது. வண்டி கவிழாமல் நின்றால் அதைத்தான் போடுவோம்.

அக்கா அந்த வண்டியில் இருந்தாள். அன்று மாலை அவள் வீட்டில், சேறு காய்ந்த புடவையை மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். உள்ளறையில் மாமா தூங்கிக்கொண்டிருந்தார்.

"மாடு எதுவும் வரலடா. கண்ணாடியில பாத்துகினேதான் இருந்தேன். கண்ணு மூடிச்சி. தொறக்கும், தொறக்கும்னு பாக்குறேன், தொறக்கல. 'சாமி'ன்னு கத்துனேன். பின்னாடி இருந்தவங்க 'சரணம் ஐயப்பா'ன்னாங்க."

எழுந்து போய், பூஜை அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்தாள். சாம்பிராணி டப்பாவுக்குப் பின்னால் இன்னொன்று. அவள் வருஷக்கணக்காகச் சோதனை போட்டு வந்த வீடு அது. பீரோ, பரண், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் தேடுவாள், பிராந்தி பாட்டிலுக்காக. இருமல் மருந்து கண்ணில் பட்டபோதெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தேடியிருக்கிறாள்.

மறுநாள் அவள் பேருந்து முதலாளியைப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போனேன். முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார்.

"ஐயா, அவருக்குக் கொஞ்ச நாளைக்கு வண்டி குடுக்காதீங்க."

"என்னம்மா இப்பிடிச் சொல்றீங்க. அவரால இல்ல எங்க மானம் தப்பிச்சிது."

"அவரு மருந்து குடிக்கிறாருங்க. அதுல தூக்கம் வருது."

"இருமல் மருந்துதான? எனக்கும் தெரியும். நானும் குடிப்பேன், பனிக்கு." முதலாளி சிரித்தார். "பயந்துட்டீங்க, அதான். வூட்ல போயி நல்லா ரெஸ்ட் எடுங்க. ஒரு சந்தோஷமான விஷயம் சொல்றேன். இந்தத் தடவ குருசாமி குரூப்பு மலைக்குப் போறது நம்ம வண்டியிலதான். நானும் வரேன். ஓட்டப்போறது நம்ம சாமிதான்."

வெளியே வந்ததும் அக்கா பேருந்து நிலையத்துக் குழாயில் முகம் கழுவினாள். அந்தக் குழுவில் தெருவின் பாதி ஆண்கள் இருந்தார்கள். இரவெல்லாம் ஓட்ட வேண்டும், அதன் பிறகு மலைச்சாலை. அவள் குருசாமியிடமும் போய்ச் சொன்னாள். அவர் முன்பு சொன்னதையே சொன்னார், மேலும் கொஞ்சம் பரிவோடு. மாமாவிடமே கேட்டாள். "நிறுத்திடுறேன்" என்றார். அடுத்த நாள் பாட்டில் அரிசி டின்னுக்குள் இருந்தது.

யோசித்துப் பார்த்தால் அவளுடைய நிலைமை விசித்திரமானது. வேறு எந்தப் பெண் தன் கணவர் குடிகாரர் என்று சொன்னாலும் ஊரே நம்பும். ஒரு வார்த்தை போதும், ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிடுவார்கள். ஆனால் மாமா குடிகாரர் இல்லை என்று ஊரை நம்பவைத்தவள் அவள்தான். வேட்டி வேட்டியாக அந்தச் சுவரைக் கட்டி முடித்திருந்தாள். இப்போது அவளாலேயே ஒரு செங்கல்லைப் பெயர்க்க முடியவில்லை.

பயணத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு எனக்குப் போன் செய்தாள்.

"ஞாயித்துக்கெழம வரும்போது கருவாடு வாங்கிட்டு வா."

"கார்த்திகையிலயா?"

"வாங்கிட்டு வாடா. நல்லா நாறுறதா பாத்து வாங்கு."

கடலோரம் கிள்ளைக்குப் போய் வாங்கினேன். சுறாக் கருவாடு. விற்ற அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊரே மால போட்டுகினு திரியுது, எங்க பொழப்பு ஈ ஓட்டுது. நீ நாறுறதா கேக்குற. கிறிஸ்தவங்களாய்யா?" இல்லை என்றேன். "அப்ப வூட்ல ஏதோ பிரச்சன" என்று சொல்லி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை, பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. கருப்பு வேட்டி கட்டிய இருவர் நின்றுகொண்டே வந்தார்கள்.

அன்று குருசாமியும் குழுவில் சிலரும் அக்கா வீட்டுக்கு வருவதாக இருந்தது. பூஜை செய்துவிட்டு, பயணத்துக்கான ஏற்பாடுகளைப் பேச. மாமா குளித்துவிட்டு, படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அக்கா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனாள். சிறிது நேரத்தில் புளி கொதிக்கும் வாசனையும், அதற்குப் பின்னாலேயே மற்றதும் வந்தன. ஜன்னல்களை எல்லாம் அவளே திறந்து வைத்தாள்.

மாமா தலையைத் திருப்பினார். "என்னாடி பண்ற?"

"கொழம்பு வெக்கிறேன் சாமி."

எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். அடுத்த வீட்டிலிருந்து, "யாரு வூட்லங்க அது?" என்று குரல் கேட்டது. "எங்க வூட்லதான்" என்று அக்கா அடுப்படியிலிருந்தே சொன்னாள்.

குருசாமியும் மற்றவர்களும் கேட் வரை வந்து நின்றுவிட்டார்கள். யாரும் உள்ளே வரவில்லை. அக்கா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

"வாங்க சாமி. சாப்புடுற நேரம்தான்."

ஒருவர் கோபத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினார். குருசாமி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மாமாவை வெளியே வரச் சொன்னார். அவர் நடந்து வந்த விதத்தை, பாதி மூடிய கண்ணை, முதல் தடவையாக உற்றுப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு சரணம் சொல்லி, மாலையைக் கழற்றித் தன் துண்டில் முடிந்துகொண்டார்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே கழட்டியிருப்பேனம்மா."

"சொன்னேனே சாமி. மருந்துக்கு தோஷம் இல்லன்னீங்க."

மாமா வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அப்ப மல?"

"மல எங்கயும் போவாது. நீங்க உள்ள வாங்க."

செய்தி உடனே பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டது. வீட்டில் கருவாடு வெந்த ஓட்டுநரை வைத்து மலைக்கு வண்டி அனுப்ப முடியாது என்று முதலாளி அன்று மாலையே சொல்லியனுப்பினார். தடத்திலிருந்தும் எடுத்துவிட்டார். பேருந்தை வயலில் இறக்கியும் போகாத வேலை அது. சேற்றிலிருந்து தப்பித்தவரைக் குழம்பு கவிழ்த்துவிட்டது. வேறொரு ஓட்டுநர் குழுவை மலைக்குக் கூட்டிப் போய்ப் பத்திரமாகத் திரும்பிக் கொண்டுவந்தார்.

தெருவில் அக்காவோடு யாரும் பேசவில்லை. அவளுக்கு அதற்கு நேரமும் இருக்கவில்லை. மாமாவைக் கடலூர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனாள். மருத்துவர் வழக்கமான கேள்வியில் தொடங்கினார்.

"குடிப்பாரா?"

"இல்லைங்க." பல வருஷப் பழக்கம். சொல்லிவிட்டுப் பையிலிருந்து காலிப் பாட்டில்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வைத்துக்கொண்டே இருந்தாள். மருத்துவர் தன் டீ டம்ளரை நகர்த்தி இடம் கொடுத்தார்.

"முதல்ல யார் வாங்கிக் குடுத்தது?"

"நான்தாங்க. இருமலுக்கு."

"இங்க வர்றவங்க பாதிப் பேருக்கு வீட்ல யாரோ ஒருத்தர்தான் வாங்கிக் குடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார்.

மாமாவை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். முதல் வாரம் மோசமானது. மாமாவுக்கு உடம்பெல்லாம் முறித்துப் போட்டதுபோல வலித்தது. வியர்த்தது, மூக்கு ஒழுகியது, வயிறு நிற்காமல் போனது. பழைய கோபம் அப்படியே திரும்பி வந்தது. "நீ கட்டுன மாலைய நீயே அறுத்துட்டியேடி பாவி" என்று அக்காவைத் திட்டினார். குடித்த காலத்தில்கூட அப்படித் திட்டியதில்லை. பக்கத்துக் கட்டிலில் வலி ஊசிக்குப் பழகிய ஒரு கம்பவுண்டர் இருந்தார். அதற்கு அடுத்து, தூக்க மாத்திரை இல்லாமல் உட்காரவே முடியாத ஒரு பள்ளித் தலைமையாசிரியர். சாராயம் குடித்து வந்து சேர்ந்த ஒருவர் இவர்கள் எல்லோரையும் பார்த்து, "நீங்கள்லாம் டீசன்ட் பார்ட்டிங்கப்பா. நான்தான் அசிங்கமா மாட்டிகினேன்" என்றார். மாமா அன்றுதான் சிரித்தார்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒருமுறை தவறினார். சிதம்பரத்தில் ஏதோ ஒரு கடை. அக்கா கத்தவில்லை, மறுபடி கூட்டிப் போனாள். அவர் அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கடலூர் பேருந்து நிலையத்தில் தனியார் பேருந்துகளுக்கு நேரம் பார்த்து விசில் ஊதி அனுப்பும் வேலை. ரயில் மறுபடி ஓடத் தொடங்கியதால் கூட்டம் குறைந்திருந்தது. ஒரு ஜூன் மாதம் கடலூரிலும் ஊர்வலம் வந்தது. மாமாவின் கையில் துண்டறிக்கை கொடுத்தார்கள். இந்த முறை படித்தார். "மச்சான், இதுல பிராந்தி படம் போட்டிருக்கான், கஞ்சா படம் போட்டிருக்கான், ஊசி போட்டிருக்கான். நம்ம சரக்கக் காணோமே" என்றார்.

அடுத்த கார்த்திகையில் குருசாமி வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று, மாலை போடுவதா என்று கேட்டார். மாமா அக்காவைப் பார்த்தார். "இப்ப வேணாங்க. மால இல்லாம இருக்கப் பழகட்டும்" என்றாள் அவள். குருசாமி தலையாட்டிவிட்டு, உள்ளே வந்து காபி குடித்துவிட்டுப் போனார். அந்த வீட்டில் அவள் கணவரை இப்போது "ஏங்க" என்று கூப்பிடுகிறாள். எனக்கும் மாமா வருஷம் முழுக்க மாமா ஆனார்.

தானே புயல் அடித்த பிறகு கடலூரில் பல நாள் மின்சாரம் இல்லை. செம்மண்டலத்தில் மரங்கள் சாய்ந்து கிடந்தன, வீடுகளுக்குள் ஈரம் ஏறியிருந்தது. எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் மாமா இருமினார். நெஞ்சிலிருந்து வரும் கனத்த இருமல். நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை.

"ரெண்டு நாளா இப்பிடித்தான்" என்றாள் அக்கா. "மிளகு ரசம் குடுத்தேன்."

"கடை தெறந்திருக்கு. ஏதாவது வாங்கிட்டு வரட்டா?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

"இருமட்டும்டா. இருமுனாதான் நல்லாருக்காருன்னு அர்த்தம்."

மாமா மறுபடி இருமினார். அக்கா அடுப்பைக் குறைத்துவிட்டு, அந்தச் சத்தத்தைக் கடைசி வரை கேட்டுக்கொண்டு நின்றாள்.